தறிக்குழித் தண்ணீர்

அந்தக் கட்டடத்துக்கு ஜன்னலே கிடையாது. எவ்வளவு தூரம் நடந்தாலும் ஒரே வெளிச்சம், ஒரே கம்பளம், ஒரே குளிர். காலையா மாலையா என்று தெரியாது. வெளியே பாலைவனம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவே நானும் மிதந்துகொண்டிருந்தேன். மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விமானத்தில் தூங்கவில்லை, இறங்கிய பிறகும் தூங்கவில்லை, கால் தரையில் படுகிற உணர்வே இல்லை. யாராவது தோளைத் தட்டி, "எழுந்திரு, கடை திறக்க நேரமாச்சு" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாகக்கூட இருந்தது.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில், ஏனாத்தூர் போகிற சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. பரீட்சை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து என் உயிரை வாங்குவார்கள். மற்ற நேரத்தில் நான் ஏரி, ஓடை, கால்வாய் என்று அலைந்து ஊரார் உயிரை வாங்குவேன். கரையில் குப்பை கொட்டினால் சண்டை, மதகை அடைத்தால் சண்டை. "வந்துட்டாப்பா ஏரிக்காரம்மா" என்று டீக்கடையில் முனகல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். எங்களைப் போன்ற சின்னச் சின்னக் குழுக்களையெல்லாம் சேர்த்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறோம். காலநிலை மாநாட்டில் பேச அந்தக் கூட்டமைப்புக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. யார் பேசுவது என்று பெரிய இழுபறி நடந்தது. யாரும் கேட்டிராத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் என்னை ஏற்றி அனுப்பினார்கள்.

அந்த விஷயம் எங்கள் வீட்டுத் தறிக்குழி.

என் தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தறி அவன் மனைவியுடையது. குழித்தறி. வீட்டுக்குள்ளேயே தரையில் பள்ளம் எடுத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். மழைக்காலத்தில் குழி கொஞ்சம் ஈரம் காட்டுவது எப்போதும் உள்ளதுதான். ஆனால் இப்போதெல்லாம் மழை பெய்கிற விதமே மாறிவிட்டது. மாதக்கணக்கில் பெய்ய வேண்டியதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகிறது. ஏரி தளும்பும். அடுத்த நாள் குழிக்குள் ஊற்று கிளம்பும். வாசல் வழியாக ஒரு சொட்டு வராது. நடு வீட்டில், கீழேயிருந்து, சத்தமில்லாமல் வரும். மிதிகட்டை மூழ்கிவிடும். தறியில் நீளவாக்கில் பூட்டிய நூல், அதாவது பாவு, நமத்துப்போய் இழை இழையாக அறும், ஜரிகை கறுக்கும். தண்ணீர் வடிகிற வரைக்கும் தறி சும்மா நிற்கும். இறைத்துக் கொட்டினால் மறுபடி ஊறும். அந்த ஈரத்தில் காலை வைத்து வைத்து அவளுடைய விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துவிட்டது.

வெள்ள நிவாரணத்துக்காகச் சேதக் கணக்கு எடுக்க ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. சுவரைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார்.

"தண்ணி உள்ள வந்த தடமே காணோமேம்மா?"

"வரலை சார், ஊறிச்சு" என்றாள் தம்பி மனைவி.

"ஊறினா அது வெள்ளத்துல சேராதும்மா" என்று பாவமாகச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளம் என்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று யாரோ எங்கேயோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த 'எங்கேயோ' எது என்று தேடிக்கொண்டே போனால், அது கடைசியில் இந்த ஜன்னலில்லாத கட்டடத்தில் வந்து முடிந்தது. மழையாலும் வெயிலாலும் கெட்டுப்போனவர்களின் இழப்பில் எதையெல்லாம் சேர்ப்பது என்று இங்கேதான் ஒவ்வொரு வார்த்தையாக வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து வருகிற தண்ணீரும் வெள்ளம்தான் என்று அந்தச் சபையில், உலகத்தின் காதில், ஒரு தடவை போட்டுவிட வேண்டும். நான் வந்தது அதற்காகத்தான்.

கிளம்புவதற்கு முன்னால் குழியைப் படம் எடுக்கப் போனேன். தம்பி மனைவி முட்டிக்குக் கீழ் வரைக்கும் தண்ணீரில் நின்று பக்கெட்டால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என் கால எடுக்காதக்கா. இந்தக் கால ஊர் ஒலகமெல்லாம் பாக்கணுமா?"

"சரிம்மா, எடுக்கலை."

இன்னும் இரண்டு பக்கெட் மொண்டு ஊற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, மேலே ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் நீட்டினாள்.

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. அங்க போயி வேடிக்கை பாத்துக்கினு வந்துடாத. ஒலகத்துக்குச் சொல்லிட்டு வரணும்."

"சொல்லிட்டுத்தாம்மா வருவேன்" என்றேன். அன்றைக்கு அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அவளே தன்னுடைய பட்டுச்சேலை ஒன்றையும் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தாள். "காஞ்சிபுரத்துலருந்து வரேன்னு சொல்லிட்டு நூல் சேலையில போய் நின்னா எவன் நம்புவான்?" என்றாள். கட்டிக்கொண்டு போனேன். அங்கே அந்தச் சேலைக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. அழகு, அழகு என்று ஆளாளுக்கு வந்து என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எதற்கு வந்தாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. உள்ளுக்குள் கோபம் கோபமாக வந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஏதோ ஒரு நாட்டின் அரங்கில் மழைச் சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டிருந்தார்கள். மங்கலான அறை, நீல வெளிச்சம், தரை முழுவதும் மெத்தை. கண்ணை மூடி மழையைக் கேளுங்கள் என்று வாசலில் எழுதியிருந்தது. நம்ம ஊரில் அதைக் கேட்டால் பக்கெட்டைத் தேடி ஓடுவோம். இங்கே அதற்கு மெத்தை போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும். எங்கள் தெரு வந்துவிட்டது. அதிகாலைத் தெருவில் நீளமாகப் பாவு கட்டியிருக்கிறார்கள். மாம்பழ மஞ்சளில் ஒன்று, மயில் நீலத்தில் ஒன்று. அவை நீண்டு நீண்டு இந்தக் கட்டடத்தின் நடைபாதைக்குள்ளேயே வந்துவிட்டன. கோட்டுப் போட்ட மனிதர்கள் கழுத்து அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, இழை அறுந்துவிடாமல் ரொம்பப் பதமாகக் குனிந்து அந்தப் பக்கம் போகிறார்கள். கம்பளத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து என் பாதத்தை நனைக்கிறது. பயமாகவே இல்லை. வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள், இனி சொல்ல வேண்டியதே இல்லை, தானாகத் தெரிந்துவிடும் என்று கனவுக்குள் அவ்வளவு நிம்மதி. வேறு யாரோ படுக்க இடம் வேண்டும் என்று என்னை எழுப்பினார்கள். அந்த நிம்மதி போனதற்காக அவர்களைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

அந்த மயக்கம் தெளியாமலே காபி வாங்க வரிசையில் நின்றேன். அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீடானாலும் பஸ் ஆனாலும், பக்கத்தில் நெய்த துணி ஒன்று தெரிந்தால் கை தானாகப் போகும். முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, அப்படியே புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்துவிடுவோம். முன்பக்கம் எல்லாருடையதும் நன்றாகத்தான் இருக்கும். பின்பக்கத்தில்தான் நெய்தவள் எங்கே இழை விட்டாள், எங்கே முடிச்சுப் போட்டாள் என்று தெரியும். கட்டியிருப்பவரும் ஒன்றும் நினைக்க மாட்டார். "பாத்துக்கோ" என்று தோளைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும், நல்ல உயரம், காதோரத்தில் பூ. முதுகில் ஓலையில் பின்னிய பை ஒன்று தொங்கியது. என்ன வேலைப்பாடு! கட்டம் கட்டமாக, கறுப்பும் வெளிர் மஞ்சளும் ஓடி ஓடி வந்து சேர்கின்றன. என் கை போய்விட்டது. பையின் மூடியைத் தேய்த்தேன். புரட்டினேன். பின்பக்கத்தைப் பார்க்கக் குனிந்தேன்.

அந்த அம்மாள் கத்திய கத்தில் வரிசையே திரும்பியது. என் மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு காவலர் ஓடிவந்தார். பன்னாட்டு மாநாட்டில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பிக்பாக்கெட்! மானம் போனது. திருடவில்லை, பின்பக்கம் பார்த்தேன் என்று எந்த மொழியில் விளக்குவது? கடைசியில் என் முந்தானையைப் பிடித்துப் புரட்டி, பின்னால் ஓடுகிற இழைகளைக் காட்டி, அவருடைய பையையும் காட்டி, "பேக் சைடு, பேக் சைடு" என்று கெஞ்சினேன். காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டது. என் முந்தானையை வாங்கி, அதே மாதிரி இரண்டு விரலால் தேய்த்து, புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், காபிக் கடைக்காரரும் சேர்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பையை அவரே பின்னியதாகச் சொன்னார். தாழை ஓலை. எங்கள் சேலைக் கரையிலும் தாழம்பூ ரேக்கு என்று ஒரு வேலைப்பாடு உண்டு என்று தொட்டுக் காட்டினேன். அவருக்கும் சேர்த்து நானே காபி வாங்கினேன்.

அவர் கடலுக்கு நடுவே இருக்கிற ஒரு தட்டையான தீவிலிருந்து வந்திருந்தார். எங்களைப் போலவே ஒரு சின்னக் குழுவின் சார்பில் பேச வந்தவர். என்னுடைய ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்தது. அவர்கள் ஊரில் சேம்பு மாதிரி ஒரு கிழங்குதான் சாப்பாடு. அதை மேட்டில் நட முடியாது. நல்ல தண்ணீர் தெரிகிற வரைக்கும் குழி தோண்டி, குழிக்குள் நடுவார்கள். இப்போது அந்தக் குழிகளில் உப்புத் தண்ணீர் வருகிறதாம். கிழங்கு அழுகிவிடுகிறதாம்.

"கடல் கரை ஏறி வருகிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. கரை அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் மெதுவாக மேலே உயர்த்திக் காட்டினார். "இப்படி. கீழேயிருந்து."

"அடிப்பாவி, நீயுமா!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவரும் அவர் மொழியில் ஏதோ சொன்னார். என் செல்போனில் இருந்த தறிக்குழியைக் காட்டினேன். தண்ணீரைப் பார்த்தார். அடுத்த படத்தில் தம்பி மனைவியின் பாதத்தைப் பார்த்தார். அந்தப் பாதத்தின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் எங்கள் கூட்டம். அரங்கின் வாசலிலேயே ஒரு இளைஞர் நின்று குண்டைத் தூக்கிப் போட்டார். பெரிய நாட்டுக்காரர்கள் பேசி நேரத்தைத் தின்றுவிட்டார்களாம். எங்கள் கூட்டமைப்புக்கும் இன்னொரு குழுவுக்கும் சேர்த்து இரண்டே நிமிடம்தானாம். அந்த இன்னொரு குழு, அந்த அம்மாளுடையது.

நான் சும்மா விடவில்லை. என் இரண்டு நிமிடம் எனக்கு வேண்டும் என்று அந்த இளைஞரிடம் குரலை உயர்த்தினேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். நேரம் மட்டும் தரவில்லை. உள்ளதைச் சொன்னால், ஒரு நொடி எனக்கு அந்த அம்மாள் மேலேயே எரிச்சல் வந்தது. இந்த மனுஷி மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று தோன்றியது. அவர் முகத்திலும் அதேதான் ஓடியிருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு அவரே வந்து, ஆளுக்குப் பாதி என்று கையால் வெட்டிக் காட்டினார். வயதில் மூத்தவர், நீங்கள் முதலில் பேசுங்கள் என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு எடுத்தேன். திரை முழுக்க முகங்கள். தெருவில் பாதி எங்கள் வீட்டில்தான் இருந்தது.

"அக்கா, நேத்துலருந்து மழை ஊத்திக்கினே இருக்குது" என்றாள் தம்பி மனைவி. செல்போனைச் சாய்த்துக் குழியைக் காட்டினாள். இந்த முறை விளிம்பு வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. "புதுப் பாவுக்கா. முந்தாநாள்தான் தறியில பிணைச்சேன். நீ எப்பக்கா பேசுவ? நேரலையில வருமாமே, எல்லாரும் அதுக்குத்தான் குந்திக்கினு இருக்காங்க."

"இதோம்மா, இப்பத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இங்கே நான் எதைச் சொல்ல வந்தேனோ அது அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

எங்களை அழைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே மைக்கின் முன்னால் நின்றோம். எதிரே திரையில் சிவப்பு எண்கள் குறைய ஆரம்பித்தன. அந்த அம்மாள் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். தீவைச் சொன்னார், குழியைச் சொன்னார், கிழங்கைச் சொன்னார். அவருடைய அம்மா தோண்டிய குழி என்று சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சபையே அசையாமல் இருந்தது. எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய பாதி முடிந்து என்னுடைய பாதி கரைய ஆரம்பித்தது. அவர் தோளைத் தொட்டு நகர்த்தியிருக்கலாம். எப்படி நகர்த்துவது? தன் தாயின் குழியருகே நிற்கிறவரை எப்படித் தள்ளிவிடுவது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அவர் மீதியைச் சொல்லி முடித்து ஒதுங்கியபோது, சில நொடிகள் மிச்சம் இருந்தன.

கடைக்கு வரும் பிள்ளைகள் எனக்கு மனப்பாடம் செய்வித்த ஆங்கிலம் முழுவதும் போன இடம் தெரியவில்லை. ஒரு வார்த்தை இல்லை. என் கண்ணுக்கு முன்னால் தளும்புகிற குழிதான் நின்றது. வாயைத் திறந்தேன்.

"தண்ணி கீழருந்து வருதுங்க. எங்க வீட்டுக்குள்ளயே வருதுங்க. இதுவும் வெள்ளம்தாங்க."

மைக்கின் விளக்கு அணைந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையில் பலர் காதுக் கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்கள். தலைவர் ரொம்ப மரியாதையாக, தீவுகளின் குரலைக் கேட்டோம், நன்றி என்றார். கைதட்டினார்கள். தமிழில்தான் பேசியிருக்கிறேன் என்பது அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது.

நடைபாதைக்கு வந்து சுவரோரம் நின்றேன். செல்போன் அதிர்ந்தது. எடுக்கவே தைரியமில்லை. எடுத்தேன்.

"அக்கா! பாத்தோம்க்கா! நீ பேசுனது அப்பிடியே தெள்ளத் தெளிவா கேட்டுச்சு!" பின்னால் ஒரே கும்மாளம். அதற்கும் பின்னால், பக்கெட்டால் மொண்டு கொட்டுகிற சத்தம். தம்பி மனைவி கொஞ்சம் நிறுத்தி, கேலியும் வருத்தமும் கலந்த குரலில் கேட்டாள்: "ஏங்க்கா, ஒலகத்துக்குச் சொல்லிட்டு வான்னா, எங்களுக்கே சொல்லிட்டு வந்துக்கினு இருக்கியே?"

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் போகிற வருகிற இடத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"எங்களுக்குத்தான் தெரியுமேக்கா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. "அதுலதானே நின்னுக்கினு இருக்கோம்."

"தப்புப் பண்ணிட்டேம்மா."

"அழுவாத. அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களா, எல்லாம் போயிட்டாங்களா?"

"இருக்காங்க."

"அப்ப இன்னாத்துக்கு என்கிட்ட பேசிக்கினு இருக்க? போ. அவங்ககிட்ட போய்ப் பேசு. எனக்கு எறைக்கிற வேலை இருக்குது." வைத்துவிட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அரங்கின் வாசலுக்குப் போனேன். கூட்டம் கலைந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கையில் காபிக் கோப்பையோடு முதலில் வந்தவரை மறித்தேன். எந்த நாடு, என்ன பதவி, ஒன்றும் பார்க்கவில்லை. ஓடிப்போன ஆங்கிலம் திரும்பி வந்திருந்தது. குழி, ஊற்று, மிதிகட்டை, பாதம், எல்லாம் சொன்னேன். நல்ல மனிதர். முழுவதும் நின்று கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார். பிறகு கனிவாகக் கேட்டார், "நீங்கள் எந்தத் தீவு?"

"தீவு இல்லை" என்று சொல்லி, அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.